ஆறு கிலோ அரிசி

“இன்னாடி பூமாரி, ஜெபின் சாரு உன்ன மாதிரியே பண்ணிக் காட்டிகினு கீறாரு. ஆபீஸே சிரிக்குது.”

கூட வேலை பார்க்கும் மலிகா இப்படி எழுதி அனுப்பிய போட்டோவைப் பார்த்ததும் பூமாரிக்கு முகம் சுண்டிப்போனது. ராயபுரம் ஆபீஸில் டீம் லீடர் ஜெபின், அரிசிப் பை ஒன்றை இடது தோளில் சாய்த்துப் பிடித்தபடி, வலது கையால் மட்டும் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார்.

பிரசவ லீவு முடிந்து அவளுக்கு எர்ணாவூர் வீட்டிலிருந்தே வேலை. கணவன் டில்லிபாபுவுக்கு ஹார்பரில் பகல் ஷிப்ட். குழந்தைக்கு இளைப்பு. படுக்க வைத்தால் நெஞ்சில் விசில் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே அவள் தோளை விட்டு இறக்குவதில்லை.

வேலையோ இரண்டு கை கேட்டது. கறுப்புத் திரையில் கமாண்ட் தட்டி ஓட்டும் டூல் அது. அதோடு இணைக்க வேண்டிய துணை புரோகிராம்கள், அதாவது எக்ஸ்டென்ஷன், ஒன்பது; ஒவ்வொன்றுக்கும் ஒரு செட்டிங்ஸ் ஃபைல். எல்லாம் கையால்தான் எழுத வேண்டும். எங்காவது ஒரு கமா விட்டுப்போனாலும் திரை முழுக்கச் சிவப்பில் பிழை வரிகள். வெள்ளிக்கிழமைக்குள் ஓடவில்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

போன வாரம் வீடியோ காலில் ஜெபின் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தார். எங்கெங்கே தடுமாறுகிறாள் என்று குறித்துக்கொண்டார். ஒரு வரிகூடச் சொல்லித்தரவில்லை. வைக்கும்முன் கேட்டது ஒன்றுதான்.

“குழந்தை எத்தனை கிலோம்மா?”

“ஆறு சார்.”

எல்லாம் இந்தக் கூத்துக்குத்தானா?

வெள்ளிக்கிழமை காலை, ஒரு கையாலேயே ராஜினாமா மெயிலை அடித்து முடித்தாள். அனுப்பப் போகும்போது ஜெபினிடமிருந்து மெயில். ஒரே ஒரு கமாண்ட். ‘இத மட்டும் போட்டுப் பாரும்மா.’

வேண்டாவெறுப்பாகத் தட்டினாள்.

எந்த எக்ஸ்டென்ஷன் எங்கே இருக்கிறதென்று அதுவே தேடிக்கொண்டது. என்டர். ஒன்பது ஃபைலையும் அதுவே எழுதியது. என்டர். அவள் எப்போதும் தப்புவிடும் இடத்தில் நின்று, தானே திருத்தி, சரிதானா என்று கேட்டது. என்டர்.

வரிசையாக ஒன்பது பச்சை வரிகள். பூமாரி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். தோளில் குழந்தை அசையக்கூட இல்லை.

கூடவே ஒரு குறிப்பு ஃபைலும் வந்திருந்தது. திறந்தாள்.

‘சோதித்த விதம்: இடது தோளில் ஆறு கிலோ அரிசி, வலது கை மட்டும். அடுத்த மாதம் ஏழு கிலோ வைத்து மறுபடி சோதிக்கவும். குழந்தை வளரும்.’