விடுபட்ட மூன்று மாதம்

"கம்ப்யூட்டர் கடியாரத்தத் திருத்தாதல, அஞ்சு நிமிஷம் முந்தியே ஓடட்டும்," என்றார் அப்பா. கணினியின் பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். இறந்த நாளிலிருந்து நான்கு வருடமாக அவர் அதில்தான் இருந்தார். ஒரு பதில் வர அரை நிமிடம் ஆகும்.

கணினி பழுதுபார்க்கும் ஜெரோம் பெட்டியில் காதை வைத்துக் கேட்டான். "ஹார்ட் டிஸ்க் ஒரு வாரம் தாங்காதுண்ணே. அப்பாவ வேகமான புது டிஸ்க், எஸ்.எஸ்.டி.க்கு மாத்திருவோம். அதுல இடம் கொஞ்சம் கம்மி. அவரு நெனப்புல எத விடலாம்?"

வலியில் அவர் கத்தியது நினைவுக்கு வந்தது. "ஆஸ்பத்திரில இருந்த மூணு மாசத்த விட்ரு," என்றேன்.

"எல்லா வீட்லயும் அதத்தான் விடுறாங்க."

ஒருவர் இரண்டு டிஸ்கில் இருக்கக் கூடாது என்பது சட்டம். மாற்றி முடித்ததும் பழையதை என் கண்ணெதிரே அழித்தான்.

பத்தே நொடியில் அப்பா விழித்தார். "யாருல அது?"

"ரூபன்ப்பா."

"பெத்தவ சாவுக்கு வராத பயலுக்கு எங்கிட்ட என்ன சோலி? வெளிய போ."

பன்னிரண்டு வருடம் என்னோடு பேசாமல் இருந்தவர், கையைப் பிடித்து என்னை மன்னித்தது அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான். அது இப்போது எனக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது.

தினமும் சொல்லிப் பார்க்கிறேன். "நானா? ஒன்னையா?" என்று சிரிக்கிறார். நான் சொல்லி முடிக்கும் முன்பே பதில் வந்துவிடுகிறது.

கணினியின் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தியே ஓடுகிறது.