சாக்கில் போன ரகசியம்

காகிதப் பை ஒட்டும் இயந்திரம் ஒன்றை நானே கண்டுபிடித்தேன். எதிர்ப்பட்டறைக்காரன் காப்பியடித்துவிடுவான் என்று, தினமும் பட்டறையைச் சாத்தும்போது உள்பாகங்களைக் கழற்றி ஒளித்துவைப்பேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

“காப்புரிமை வாங்கிடுங்கப்பா,” என்றாள் மகள். “எப்படி ஓடுதுன்னு எழுதிக் கொடுத்தா போதும்.”

“எழுதிக் கொடுத்தா ஊருக்கே தெரிஞ்சுடுமே?”

“தெரிஞ்சாலும் உங்களைக் கேக்காம யாரும் செய்ய முடியாது.”

“எனக்கு எவன் மேலயும் நம்பிக்கை இல்ல.”

மூன்று மாதம் நோயில் படுத்து எழுந்து வந்தால், எதிர்ப்பட்டறையில் என் இயந்திரம் அச்சு அசலாக ஓடிக்கொண்டிருந்தது. என் பாகங்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டு நேரே உள்ளே போனேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

சாக்கைக் கவிழ்த்தேன்.

“தம்பி, எது எங்கேன்னு எனக்கே மறந்துபோச்சு. கொஞ்சம் மாட்டிக் காட்டு.”

பொறுமையாகக் காட்டினான். பிறகு வாசல்வரை வந்து காதருகே குனிந்தான்.

“அண்ணே, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் இன்னும் காப்புரிமை வாங்கல.”