எதிர்க்கட்சித் தலைவரின் கூச்சம்

"ஒரு அவை போதும்ங்கறேன். ரெண்டு அவையில ஈ ஓட்டறதுக்கு ஒண்ணுலயே ஓட்டலாமே!"

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் கைப்பேசியைப் பார்த்துப் பொரிந்துகொண்டிருந்தார். கடைக்கு அவர் முதலாளி. இணையத்தில் நடக்கும் ஒரு விளையாட்டு அரசாங்கத்துக்கு அவர் சபாநாயகர்.

விளையாட்டு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். மேலவை, கீழவை, மசோதா, வாக்கெடுப்பு எல்லாம் முறைப்படி உண்டு. உறுப்பினர்கள் முப்பத்தோரு பேர். எட்டிப் பார்ப்பவர்கள்தான் ஒன்பது பேர். அதிலும் பாதிப் பேர் 'ஆதரிக்கிறேன்' என்று ஒற்றை வார்த்தை எழுதிவிட்டுக் கம்பி நீட்டிவிடுகிறார்கள். இப்படியே போனால் இரண்டே மாதத்தில் மூடுவிழாதான். ஐந்து வருஷமாகக் கட்டிக் காத்த சபை.

அதனால்தான் அந்த மசோதா. இரண்டு அவைகளும் ஒன்றாகும். எழுதி விவாதிப்பது நிற்கும். ஞாயிறுதோறும் எல்லோரும் ஒரே நேரத்தில் இணைந்து வாயால் பேச வேண்டும். மூன்று வாரம் பேசாதவரின் பதவி காலி.

"குரலைக் கேட்டாத்தான் நாலு பேர் வருவாங்க," என்றார் மனைவியிடம்.

"ஏங்க, பேசிப் பேசியே வந்த ஆளையும் விரட்டறவரு நீங்க. மொதல்ல அந்த லென்ஸைத் துடைங்க," என்றாள் அவள், ஒரு பிரேமின் திருகை முடுக்கியபடி.

மசோதா நிறைவேற, வருகிற ஒன்பது பேரில் ஆறு ஓட்டு வேண்டும். ஐந்து வந்துவிட்டது. முதல் ஓட்டு செயலாளர் அம்மாவுடையது. ஐந்து வருஷமாக ஒரு நாள் தவறாமல் சபைக் குறிப்பு எழுதுகிறவர்.

"மசோதா போட்ட பத்தாவது நிமிஷம் ஓட்டுப் போட்டுட்டாங்க. பொறுப்புன்னா அது!" என்று மெச்சினார் கடைக்காரர்.

முட்டுக்கட்டை எதிர்க்கட்சித் தலைவர். 'அவைகளை இணைப்பதில் ஆட்சேபம் இல்லை. வாய்ப்பேச்சு மட்டும் வேண்டாம். எனக்குக் கூச்ச சுபாவம். என் குரலும் கேட்கச் சகிக்காது' என்று எழுதியிருந்தார். அவர் பேச்சைக் கேட்டு இன்னும் மூன்று பேர் ஓட்டுப் போடாமல் இருந்தார்கள்.

பத்து நாளாகச் சபையில் அவரை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். 'தவளைத் தலைவர்' என்று பட்டப்பெயர்கூட வைத்தாயிற்று. மனிதர் அசைந்து கொடுக்கவில்லை.

நேரடியாகவே பேசிப் பார்த்துவிடலாம் என்று, பதிவுப் படிவத்தில் இருந்த எண்ணைத் தேடி அழைத்தார் கடைக்காரர்.

"வணக்கம். யார் பேசறது?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் காலையில் ரயில் நிலையத்தில் கேட்கிற குரல். தூங்கி வழிகிறவர்களையும் நிமிர்ந்து உட்காரவைக்கும் கணீர்க் குரல்.

"நான் சபாநாயகர். சார்... ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்றது நீங்கதானே?"

"ஆமா."

"ஊரே உங்க குரலைக் கேட்டுத்தான் ரயில் ஏறுது. உங்களுக்குக் கூச்சமா?"

"சார், தயவுசெஞ்சு அந்த ஒரு பிரிவை மட்டும் எடுத்துடுங்க. காரணம் கேக்காதீங்க."

"சபை உருப்படக் கூடாதுன்னு கங்கணம் கட்டிக்கிட்டு நிக்கறீங்க!"

"அப்படியே வச்சுக்குங்க சார்." பொறுமையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கடைக்காரருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. என்ன அழகாகப் புளுகியிருக்கிறான்! இவன் சாயத்தைச் சபை முன்னால் வெளுக்க வைக்காவிட்டால் நான் சபாநாயகரே இல்லை என்று சபாநாயகருக்கான பக்கத்தைத் திறந்தார்.

அங்கே அவர் கவனிக்காமல் விட்ட, பிரிக்காத கடிதம் ஒன்று பத்து நாளாகக் கிடந்தது. செயலாளர் அம்மா எழுதியது. ஓட்டுப் போட்ட அதே நேரத்தில் அனுப்பியிருந்தார்.

'சபாநாயகர் அவர்களுக்கு, புதிய முறை அமலாகும் நாளிலிருந்து என்னை விடுவிக்கக் கோருகிறேன். ஆறு வயதிலிருந்து எனக்குக் காது கேட்காது. எழுத்தில் நடந்ததால் இந்தச் சபையில் மட்டும் நான் எல்லோரையும் போல இருந்தேன். இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இரக்கப்பட்டு எனக்காக எதையும் மாற்ற வேண்டாம். சபை பிழைக்க வேண்டும். அதனால்தான் ஆதரித்து வாக்களித்தேன்.'

இரண்டு முறை படித்தார். அவர் ஓயாமல் மெச்சிக்கொண்டிருந்த முதல் ஓட்டு அது.

மறுபடியும் அதே எண்ணை அழைத்தார்.

"செயலாளர் அம்மா விஷயம் உங்களுக்குத் தெரியுமா சார்?"

"அவங்க சொல்லலை. போன மாசம் ஒரு அறிவிப்பைப் பதிவு பண்ணி அவங்களுக்கு அனுப்பி, எப்படியிருக்குன்னு கேட்டேன். 'ரொம்ப நல்லா இருக்கு. அதை எழுதியும் அனுப்புவீங்களா?'ன்னு பதில் வந்துச்சு. எனக்குப் புரிஞ்சுபோச்சு." அந்தக் கணீர்க் குரல் தணிந்தது. "அவங்களா மறைக்கறதை நாம எப்படி சார் சபையில போட்டு உடைக்கறது? அதான் பழியை என் குரல் மேல போட்டுக்கிட்டேன்."

கடைக்காரர் போனை வைத்துவிட்டு அந்தக் கடிதத்தை மறுபடி திறந்தார்.

கடிதத்தின் கீழே, 'ஏற்கப்படவில்லை. சபைக்கு நீங்கள் வேண்டும்' என்று எழுதினார். பிறகு சபையில் ஓர் அறிவிப்புப் போட்டார்.

தோளுக்குப் பின்னால் நின்று மனைவி அதை வாய்விட்டுப் படித்தாள். "வாய்ப்பேச்சுப் பிரிவு கைவிடப்படுகிறது. விவாதம் இனியும் எழுத்திலேயே நடக்கும். காரணம்: சபாநாயகருக்குக் கூச்ச சுபாவம்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க, உங்களுக்கா கூச்சம்? எப்பலேர்ந்து?"

"இப்பத்தான்... ஒரு பத்து நிமிஷமா," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.