பதியாத ரேகை

ஜப்பான் குண்டுக்குப் பயந்து வெளியூர் போய்த் திரும்பிய குடும்பத்தின் மயிலாப்பூர் வீட்டில் வெள்ளிக் கூஜாவைக் காணோம். கிணற்றடி வெயிலில், போலீஸ் ஏட்டு பார்த்துக்கொண்டிருக்க, அந்த வீட்டுப் பிள்ளை, சட்டக் கல்லூரி மாணவன் வரதன், வேலைக்காரி கன்னியம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்துகிறான். பத்தும் வெறும் கறுப்புப் பொட்டுகளாக விழுகின்றன. “ரேகையே இல்லை, ஏட்டய்யா! திருடிட்டு வேணும்னே அழிச்சிண்டிருக்கா. என் சட்டப் புஸ்தகத்துல அப்படியே போட்டிருக்கு!” அவன் குரல் மகிழ்ச்சியில் நடுங்குகிறது. “இருவது வருசமா சாம்பல் போட்டு உங்க சாமான் தேச்சதுல தேஞ்சு பூட்ச்சு சாமி,” என்று அவள் கைகளை விரித்துக் காட்டுகிறாள். “அதை ஸ்டேஷன்ல வந்து சொல்லு,” என்று ஏட்டு அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறார். சமையலறை ஜன்னலில் வரதனின் அம்மா முகம் தெரிகிறது. “செத்த இருங்கோ. பத்துப் பாத்திரம் கெடக்கு, தேச்சுட்டுப் போகட்டும்.” கன்னியம்மா மை விரல்களால் சாம்பலை அள்ளுகிறாள். ஏட்டு நிழலில் உட்கார்ந்து காத்திருக்கிறார்.