வெட்டுப்பட்ட பட்டு

"பழசுதான் பாப்பா. பொட்டியில கெடந்து வீணாப் போவுது. எதுக்காச்சும் ஆவுமான்னு பாரு."

பானுமதி மேசைமேல் வைத்த பட்டுப்புடவையைப் பார்த்ததும் சோபனாவுக்குச் சந்தேகம் வந்தது. அரக்கு நிறம், கையகல ஜரிகை. மடிப்புக்கூடக் கலையவில்லை. புதுத்துணி வாசனை வேறு.

பென்னாகரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த அந்த விழாவுக்குச் சோபனாதான் பொறுப்பு. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். புதிது புதிதாக வாங்கிக் குவிக்காதீர்கள், இருக்கிற துணியையே மாற்றித் தைத்து உடுத்துங்கள் என்று ஊருக்குச் சொல்ல மாணவர்களே கூடி, தையல் மிஷினும் போட்டு ஏற்பாடு செய்தது. பேனரில் 'சஸ்டெய்னபிள் ஃபேஷன்' என்று போட்டிருந்தார்கள். ஜனங்கள் பழைய துணி விழா என்றார்கள்.

காலையிலிருந்து வந்து சேர்ந்ததெல்லாம் சாயம் போன நைட்டியும் முட்டி கிழிந்த பேன்ட்டும். இப்போதுதான் ஒரு பட்டு வந்திருக்கிறது. வீடியோவுக்கு எடுப்பாக இருக்கும். சோபனா சந்தேகத்தை ஓரமாக வைத்தாள்.

என்ன தைக்கலாம் என்று கேட்டாள்.

"என்னமோ பண்ணு. முந்தானையில ஆரம்பி. எனக்குக் கை வரல, நீயே வெட்டு."

சோபனா கத்தரியை எடுத்ததும் கூட்டம் கூடிவிட்டது. கூடப் படிக்கிற பையன் செல்போனில் படம் பிடித்தான். முந்தானையின் குறுக்கே கத்தரி ஓடியபோது எல்லாரும் கைதட்டினார்கள். பானுமதி தட்டவில்லை. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய நாத்தனார் கோவிந்தம்மாள் உள்ளே வந்தாள். பின்னாலேயே பானுமதியின் புருஷன் பச்சியப்பன், இரண்டு கையிலும் ஜவுளிக்கடைப் பைகளோடு.

கோவிந்தம்மாள் நேரே மேசைக்கு வந்தாள். துண்டாகிக் கிடந்த முந்தானையை எடுத்து விரித்துப் பார்த்தாள். அது அவள் மகன் கல்யாணத்துக்கு எடுத்த முகூர்த்தப் புடவை. பெண், பானுமதியின் மகள். வருகிற வெள்ளிக்கிழமை தாலி. மண்டபத்தில் ஓரம் அடித்துத் தருகிறார்களாம், கொடுத்து வைக்கிறேன், அங்கே வந்துவிடுங்கள் என்று பானுமதி கடைத்தெருவில் வாங்கிக்கொண்டு போன புடவை.

"யாரு வெட்டுனது?"

பானுமதி சோபனாவைக் காட்டினாள். "ஓரம் அடிக்கத்தான் அண்ணி குடுத்தேன். இந்தப் பாப்பா தெரியாம வெட்டிடுச்சு."

சோபனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் என்றாள். பழசு என்று அந்த அக்காதான் கொடுத்தார்கள், வெட்டச் சொன்னதும் அவர்கள்தான் என்று கத்தினாள். கேட்டவர் யாருமில்லை. வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். அதில் சோபனா சிரித்துக்கொண்டே வெட்டுகிறாள். பானுமதி படத்திலேயே இல்லை.

கோவிந்தம்மாள் முந்தானையைக் கீழே போட்டாள். "தாலி ஏறுறதுக்கு முன்னாலயே முகூர்த்தப் புடவையில கத்திரி பட்டுடுச்சு. இது எங்க வூட்டுக்கு ஆவாது தம்பி. விட்டுரு."

அவள் போய்விட்டாள். வேறு புடவை எடுத்துக்கலாம் அக்கா என்று தெருவரை கெஞ்சிக்கொண்டே ஓடிய பச்சியப்பன், திரும்பி வந்து பானுமதியை அறைந்தான். அவள் தையல் மிஷின்மேல் போய் விழுந்தாள். அழவில்லை. அவன் மறுபடி கையை ஓங்கினான்.

சோபனா தடுக்கப் போகவில்லை. நல்லா வேணும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

பச்சியப்பனின் ஆட்கள் வந்து பேனரைக் கிழித்தார்கள். கல்லூரியிலிருந்து வந்தவர்கள் விழாவை அத்தோடு நிறுத்தச் சொன்னார்கள். சோபனா எல்லார் முன்னாலும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். சாயந்திரத்துக்குள் அந்த வீடியோ சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தவள் என்று முகம் தெரியாதவர்களெல்லாம் திட்டி எழுதினார்கள். இனி படிப்பைத் தவிர வேறு எதிலும் தலையிடக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா அவளோடு பேசுவதே இல்லை.

அடுத்த வாரம் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் பானுமதியைப் பார்த்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. பார்த்ததும் சோபனாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் எதிரில் நின்றாள்.

"ஊரே என்னைக் காறித் துப்புது. உங்க பொண்ணு கல்யாணமும் நின்னு போச்சு. இதுல உங்களுக்கு என்னக்கா கெடச்சுது?"

பானுமதி அக்கம்பக்கம் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"உன்னை மாட்டி விட்டது பாவந்தான் பாப்பா. எனக்கு வேற வழி தெரியல. நான் வேணாம்னு சொன்னப்ப ஒருத்தரும் காதுல வாங்கல, அடிதான் விழுந்துச்சு. சகுனம் சரியில்லன்னா எல்லாரும் கேப்பாங்க."

"ஏன், மாப்பிள்ளை சரியில்லையா?"

பஸ் வந்து நின்றது. பக்கத்தில் ஸ்கூல் யூனிஃபார்மில், இரட்டைச் சடையோடு ஒரு சிறுமி நின்றிருந்தாள். புத்தகப் பையை அவள் தோளில் மாட்டி, ஜன்னலோரம் உட்காரச் சொல்லி ஏற்றிவிட்டாள் பானுமதி. பஸ் நகரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பையனைக் கொறை சொல்ல முடியாது," என்றாள். "இவளுக்குத்தான் இன்னும் பதினாலு முடியல."