கறுத்த தட்டில் ஒரு வளையம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, பசியறிந்து தின்னும் ஒரு விதையின் கதை சொல்கிறேன்.

விதைச் சோதனைக்கூடத்து ஜன்னலோரம் அண்ணன் மூச்சடக்கி நிற்கிறான். சோதிக்கக் கொடுத்த, வெள்ளத்தில் நனைந்த நெல்லை விட்டால் விதைக்க அவனிடம் வேறு மணி கிடையாது. மாவுக்கூழ் உறைந்த கண்ணாடித் தட்டு. அதில் நேற்று அறுத்துப் பதித்த நெல்மணிகள். அங்கே வேலை பார்க்கும் தங்கை அதன்மேல் அயோடினை ஊற்றுகிறாள். தட்டு மையாகக் கறுக்கிறது. அவன் முகமும்தான். "போச்சா?" "பொறுண்ணா, மாவு இருக்கிற இடந்தான் கறுக்கும்." அவள் தட்டை வெளிச்சத்தில் தூக்குகிறாள். ஒவ்வொரு மணியைச் சுற்றியும் கண்ணாடிபோல் தெளிந்த சின்ன வளையம். "பாரு, உயிரோட இருக்கு. மாவைக் கரைச்சுச் சர்க்கரையாக்கிச் சாப்பிடுது." "இத்தனூண்டுதானா?" "சர்க்கரை போதும்னா நிறுத்திக்கும், பசிச்சாத்தான் மறுபடி கரைக்கும். உன்னை மாதிரி சட்டியையே வழிக்காது." அவன் செல்போனை எடுத்து, வயலில் இருக்கும் மச்சானைக் கூப்பிடுகிறான். "மச்சான், நாத்தங்காலுக்குத் தண்ணியைத் திறந்து விடுங்க" என்கிறான்.

கேட்ட உங்கள் வீட்டில் பசிக்கிற வேளைக்கெல்லாம் சோறு இருக்கட்டும், எடுத்தது போக மிச்சமும் இருக்கட்டும்.