மூன்றாவது தடவை வந்தவர்

"முட்டி விட்டுப்போச்சும்மா. நீங்க ரெண்டு பேரும் மேல போய்ப் பாத்துட்டு வாங்க, நான் இங்கயே உக்காந்துக்கறேன்" என்று தரகர் படிக்கட்டின் நாலாவது படியில் சரிந்தார்.

வீடு பார்க்க வந்த நர்ஸும் அவள் கணவனும் மேலே போனார்கள்.

காலையிலிருந்து இது ஐந்தாவது வீடு. ஊரில் இருந்த பெரிய ஆலையை மூடியதிலிருந்து விற்கத்தான் ஆள் வருகிறது, வாங்க வருவதில்லை. விற்பதற்கென்றே கட்டிய இந்த வீட்டில் பதினான்கு மாதமாகியும் ஒருவர்கூடப் பால் காய்ச்சவில்லை. இந்த மாதமும் ஒன்று முடியாவிட்டால் ஆபீஸைக் காலி செய்துவிட்டு மச்சான் கடையில் மூட்டை எண்ண வேண்டியதுதான். மச்சான் இப்போதே ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டான்.

வாசலில் நிழல் விழுந்தது. தொப்பிக்காரர். போன ஞாயிறு வந்தார், அதற்கு முந்தின ஞாயிறும் வந்தார். ஒரு தடவைகூட விலை கேட்டதில்லை.

"இன்னொரு தடவை பாத்துக்கலாமா சார்?"

"தாராளமாப் பாருங்க."

ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பார்ட்டி. தரகர் இதைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

மேலேயிருந்து இறங்கிய நர்ஸ் முகம் சரியில்லை. "அண்ணே, படுக்கையறைச் சுவர்ல நீளமா ஒரு கோடு ஓடுது. விரிசலா?"

தரகருக்குத் தெரியாது. வாயைத் திறப்பதற்குள் தொப்பிக்காரர் பதில் சொன்னார்.

"விரிசல் இல்லம்மா. பட்டி காயறதுக்குள்ள பெயிண்ட் அடிச்சிருக்கான், அதான் மேலாக்கக் கோடு விட்டிருக்கு. பெயிண்டர் சரியில்ல. டைல்ஸ் போட்டவனும் மட்டம் பாக்காமப் போட்டுட்டான்."

வியாபாரத்தைக் கெடுக்க வந்தானா பாவி என்று தரகர் பல்லைக் கடித்தார்.

"இவ்வளவு குறை சொல்றீங்க. அப்புறம் எதுக்கு நீங்களும் பாக்க வந்தீங்க?" என்றான் கணவன்.

"பெயிண்டை நாளைக்கே மாத்திடலாம் தம்பி. தூணை மாத்த முடியுமா?" அவர் சுவரில் முஷ்டியால் ரெண்டு தட்டு தட்டினார். "ஒவ்வொரு தூணுக்கும் ஆறடி தோண்டியிருக்கு. கம்பியில கஞ்சத்தனம் பண்ணல. இருபத்தோரு நாள் தண்ணி விட்டுருக்கு. இந்தத் தெருவுல வேற எந்த வீட்டுக்கும் அப்படிப் பண்ணல."

"அதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமயா மூணாவது தடவையா வந்து நிக்கறேன்?"

நர்ஸ் கணவனின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அவள் மெதுவாகப் பேசியதாகத்தான் நினைத்தாள். "யோசிச்சுச் சொல்றோம்னு வழக்கம்போல இழுக்காதீங்க. அந்த ஆளு முந்திக்கப் போறாரு."

சாயங்காலமே அட்வான்ஸ் கைமாறியது. தரகர் வெளியூரில் இருந்த வீட்டு ஓனருக்குப் போன் போட்டார்.

"பலே ஆளய்யா நீர்" என்றார் ஓனர். "கிரயம் முடியட்டும். உம்ம கமிஷனை அப்புறம் மொத்தமாப் பாத்துக்கலாம்."

"ஆகட்டும் சார்." மச்சானின் ஸ்டூலில் மச்சானே உட்காரட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தச் சூட்டோடு, முன்பே வாங்கி வைத்திருந்த தொப்பிக்காரர் நம்பரையும் அழுத்தினார். மூன்று தடவை நடந்து வந்தவர் எப்படியும் ஒன்று வாங்காமல் விடமாட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. அந்த வீடு முடிஞ்சுபோச்சு. அதே மாதிரி என் கையில இன்னும் ரெண்டு இருக்கு, நாளைக்கே காட்டறேன்."

"முடிஞ்சிருச்சா? ஓனர் கைக்கு அட்வான்ஸ் போயிருச்சா?"

குரலில் இருந்தது சந்தோஷம். தரகருக்குக் குழப்பமாக இருந்தது. "போயிருச்சு. உங்களுக்கு வருத்தமே இல்லையா?"

"எனக்கு எதுக்கு சார் வீடு? ஒத்த ரூமுக்கே வாடகை குடுக்க முடியல. அதைக் கட்டின மேஸ்திரி நான். நீங்க வீட்டைத் திறந்து வைக்கற ஞாயித்துக்கிழமையெல்லாம், வாங்கற ஆள் யாராவது வருவாங்களான்னு வந்து நின்னேன். சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. அது வித்தாத்தான் எங்களுக்கு விடியும். ஆமா, உங்க கமிஷன் வந்துருச்சா?"

"கிரயம் முடியட்டும், அப்புறம் மொத்தமாப் பாத்துக்கலாம்னாரு."



"வீடு கட்டி முடிச்ச அன்னைக்கு எங்கிட்டயும் அதே வார்த்தைதான் சார் சொன்னாரு. பதினொரு ஆளுக்கு எட்டு வாரக் கூலி இன்னும் பாக்கி."